பீச்சிங் அல்ல, பாலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் கைவிடப்பட்ட கிளை ரயில் பாதைகளைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எல்லாவற்றுக்கும் நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொல்லி 1963 மார்ச்சில் வந்த பீச்சிங் அறிக்கைதான் காரணம் என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவுப் பாதைக்கு அது பொருந்தாது. அந்தப் பாதையை மூடும் பேச்சு அறிக்கை வெளிவருவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பால வேலையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

தீவுக்கு வெளியே உள்ள ஹாவண்ட் ஊரிலிருந்து தீவின் தெற்குக் கரை வரை ஏழு கிலோமீட்டர் சொச்சம், ஒற்றைப் பாதை. 1867 ஜூலையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. கடைசி நிலையத்துக்கு அப்போது தெற்கு ஹேலிங் என்று பெயர். தீவுக்குள் நுழைய லாங்ஸ்டன் துறைமுகத்தின் மேல் மரப்பாலம் போட்டார்கள். படகுகளுக்கு வழிவிட நடுவில் ஒரு பகுதி திரும்பும். கனமான எஞ்சினை அது தாங்காது. அதனால் 'டெரியர்' என்ற குட்டி எஞ்சின்களே கடைசி வரை ஓடின. 1872இல் செய்த எஞ்சின் 1963இலும் வண்டி இழுத்திருக்கிறது! பாலத்தில் தீப்பிடித்துவிடக் கூடாது என்று புகைபோக்கியில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் அமைப்பை மாட்டியிருந்தார்கள்.

கோடையில் கடற்கரைக் கூட்டம் நிரம்பி வழியும். பாதை நஷ்டத்தில் ஓடவில்லை. ஆனால் பாலத்தைப் புதுப்பிக்க நான்கு லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. அந்தப் பணத்தைப் போட ரயில்வே முன்வரவில்லை. 1963 நவம்பர் தொடக்கத்தில் சேவை நின்றது. உப்புநீரில் நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால், ஒருநாள் மொத்தக் கணக்கும் சேர்ந்து வந்து நிற்கும். எங்கள் வேலையில் முதல் வாரமே இதைக் கற்றுத் தருவார்கள்.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நடைபாதையாக மாறியிருக்கும் அந்தத் தடத்தில் நடந்தேன். நீர் வற்றும் நேரம். தண்டவாளம் போன திசையைக் காட்டிக்கொண்டு, பாலத்துத் தூண்களின் அடிக்கட்டைகள் பாசி படிந்து வரிசையாகச் சேற்றில் நின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவு நிலையத்தின் பயணிகள் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. சரக்குக் கொட்டகை மட்டும் தப்பியது. உள்ளூர் நாடகக் குழுவினர் அதை அரங்கமாக மாற்றி நாடகம் போட்டுவருகிறார்கள். திருத்தம் வெளியிடும்போது அந்தக் கொட்டகையின் படத்தையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.