கில்ட் தைக்க எட்டு கெஜம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் உடைகள் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, எட்டு கெஜம் டார்டன் துணியை (பல நிறக் கட்டம் போட்ட கம்பளி) மடித்துத் தைத்தால் கில்ட் (ஆண்கள் இடுப்பில் சுற்றும் மடிப்புப் பாவாடை) தயார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதை நம்பித் துணி எடுப்பவர் கத்திரியைக் கையில் எடுக்கும்போதுதான் திண்டாடுவார். எட்டு கெஜம் என்பது பேச்சுவாக்கில் நிலைத்துப்போன கணக்கு. துணி எவ்வளவு, மடிப்பு எத்தனை, பின்பக்கம் என்ன தெரியும் என்பதையெல்லாம் முடிவு செய்வது 'செட்'தான்.

டார்டனின் கோடுகளும் பட்டைகளும் ஒரு சுற்று முழுதாக வந்து, அடுத்த சுற்று தொடங்கும் வரையுள்ள அளவுதான் செட். பெரும்பாலான கில்ட் துணிகளில் ஐந்து முதல் எட்டு அங்குலம் இருக்கும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில், எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்குகள் கிடைக்கும். ஆனால் அதை வைத்து அங்குலம் சொல்ல முடியாது. நூலின் பருமனும் துணியின் கனமும் மாறினால் செட்டும் மாறும். ஆகவே கையில் உள்ள துணியை ஆவி இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, ஐந்து செட்டைச் சேர்த்து அளந்து ஐந்தால் வகுப்பதே சரி. பாவு வாக்கில், அதாவது துணியின் நீளவாக்கில், அளக்க வேண்டும். சேலையைப் போலவே கில்டிலும் துணியின் நீளம் இடுப்பைச் சுற்றி ஓடும். நெசவுக் கரையே கீழ்விளிம்பாக நிற்கும், அதை மடித்துத் தைப்பதில்லை. ஊடை வாக்கில் (குறுக்கே) எடுத்த அளவு அரைக்கால் அங்குலம் (எட்டில் ஒரு பங்கு) பிசகினாலும் பின்பக்கக் கணக்கு மொத்தமும் கெடும்.

அடுத்து, மடிப்பு எந்த முறையில் என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்று, செட்டுக்கு மடிப்பது: மடிப்புகளெல்லாம் சேர்ந்த பின்னும் டார்டன் அறுபடாமல் பின்பக்கம் முழுவதும் ஓடும். மற்றது, கோட்டுக்கு மடிப்பது: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு நிற்கும். 1994 வரை இருந்த ஸ்காட்லாந்தின் கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவினரின் கில்டில் வரிசையாக நின்ற மஞ்சள் கோடு இரண்டாவது வகை. நிற்கும்போது ஒரு நிறம், நடக்கும்போது மடிப்பு விரிந்து உள்ளே ஒளிந்த நிறங்கள் என்று அதற்குத் தனி அழகு உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கும் கோடு, வெளியே தெரியும் மடிப்பின் அகலத்தைவிட நன்றாகக் குறுகியதாக இருக்க வேண்டும். முக்கால் அங்குல மடிப்பில் ஓர் அங்குலப் பட்டையை வைத்தால் நிலைக்கோடே தெரியாது. பின்பக்கம் வெறும் கிடைப்பட்டைகளாகிவிடும்.

இரு முறைக்கும் துணிச் செலவு வேறு. இதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. புட்டச் சுற்றளவு 42 அங்குலம் என்று வைப்போம். அதில் பாதி, 21 அங்குலம், மடிப்புக்கு. மடிப்பு ஒன்று முக்கால் அங்குலம் தெரிந்தால் 28 மடிப்பு. செட் ஆறு அங்குலம் என்றால், கோட்டுக்கு மடிக்கும்போது ஒரு மடிப்பு சரியாக ஒரு செட்டைத் தின்னும்: 168 அங்குலம். செட்டுக்கு மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் முந்தையது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதால் ஒரு செட்டும் முக்கால் அங்குலமும் போகும்: 189 அங்குலம். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், மடிப்பில்லாத இரண்டு ஏப்ரன்கள், அவற்றின் ஓரத்து ஆழ்மடிப்பு, உள்திருப்பு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 70 அங்குலம் சேருங்கள். கோட்டுக்கு மடித்தால் ஆறே முக்கால் கெஜத்துக்குள் முடிகிறது. செட்டுக்கு மடித்தால் ஏழே கால் கெஜம்.

இதே உடலுக்கு எட்டு அங்குலச் செட் உள்ள டார்டனை எடுத்தால் கோட்டுக்கு 294 அங்குலம், செட்டுக்கு 315. எட்டு கெஜம் என்பது 288 அங்குலம்தான். இங்கே துணியை இழுத்துப் பிடிக்க முடியாது, மடிப்பைத்தான் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றும் முக்காலே அரைக்கால் அங்குலம் தெரியும்படி 24 மடிப்பு வைத்தால் செட்டுக்கு மடித்தாலும் எட்டு கெஜத்துக்குள் அடங்கும். நாலு அங்குலச் சிறு செட்டில் சிக்கல் தலைகீழ்: மடிப்பின் ஆழம் ஒன்றரை அங்குலத்தை ஒட்டியே நிற்கும், வீசி நடந்தாலும் ஆடாது. அதற்கு மடிப்புக்கு இரண்டு செட் எடுப்பதே வழி. எதுவானாலும் மேற்கொண்டு இரண்டு செட் நீளம் கையிருப்பு வேண்டும். மேல் ஏப்ரனின் நடுவில் டார்டனின் திருப்புமையம், அதாவது கோடுகள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும் இடம், நிற்க வேண்டும். அதைக் கொண்டுவர ஓரத்தில் அரைச் செட் வரை வீணாகும். பின்பக்க நடுவிலும் ஒரு திருப்புமையம் வந்தால்தான் இடமும் வலமும் ஒத்திருக்கும்.

இரட்டை அகலத் துணியில் பாதி நீளம் வாங்கி, நடுவே வெட்டி, இரண்டு பட்டைகளையும் இணைப்பது வழக்கம். வெட்டுமுன் இரண்டு கரைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். கரையிலிருந்து முதல் கோடு வரையுள்ள தூரம் இரண்டிலும் ஒன்றாக இல்லையென்றால், இணைத்த இடத்தில் கிடைக்கோடுகள் படிக்கட்டு ஏறும். கீழே மடித்துச் சரிசெய்யவும் வழியில்லை. திருப்புமையம் இல்லாத, ஒரே திசையில் ஓடும் டார்டனில் இன்னொரு தொல்லை: இரண்டாவது பட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் கோடுகளின் வரிசை எதிர்த்திசையில் ஓடும். அதைச் சரிக்கட்டத் துணியைப் புரட்டிப் போட்டால் ட்வில் நெசவின் சாய்வு மறுபக்கம் விழும், வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட டார்டனுக்கு ஒற்றை அகலத் துணியே நல்லது. இணைப்பு எங்கே வந்தாலும் ஒரு மடிப்பின் உள்விளிம்பில் ஒளிய வேண்டும்.

தையலில் கைவைக்கும் இடம் இடுப்புக்கும் புட்டத்துக்கும் நடுவேயுள்ள ஏழெட்டு அங்குலம். இடுப்பு 36 என்றால் பின்பக்கம் 18 அங்குலம். அதே 28 மடிப்பும் அதற்குள் அடங்க ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு அங்குலம் குறுக வேண்டும். இரு பக்கமும் சமமாகக் குறுக்காமல் ஒரே பக்கம் எடுத்தால் நடுக்கோடு மேலே போகப் போக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மடிப்புக்கு வீசம் அங்குலம் (பதினாறில் ஒரு பங்கு) கூடினால் கண்ணுக்குத் தெரியாது. 28 மடிப்பில் அது ஒன்றே முக்கால் அங்குலம், பக்கிளின் ஓட்டைகளுக்கு எட்டாத தூரம். ஐந்து மடிப்புக்கு ஒருமுறை நாடாவை வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

துணியின் கனம் பற்றி ஒரு வார்த்தை. கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் உள்ள வர்ஸ்டட் கம்பளி (இழைகளைச் சீவி இறுக்கி முறுக்கிய நூலில் நெய்தது) மடிப்பைப் பிடித்து வைக்கும். 11 அவுன்ஸ் லேசானதுதான், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு கலையும்; கோட்டுக்கு மடித்த கில்டில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும், வரிசை தப்பிய ஒரு கோடு போதும். எட்டு கெஜம் எடுக்க மனமில்லாதவர்களுக்கு நாலு கெஜத்தில் அகலமான பெட்டி மடிப்பு (இரு ஓரமும் எதிரெதிர்த் திசையில் மடிவது) வைத்த பழைய வகை இருக்கிறது. நாலு கெஜத்தில் கத்தி மடிப்பு (எல்லாம் ஒரே திசையில் படிவது) வைத்துப் பின்பக்கத்தைச் சப்பையாக்குவதைவிட அதுவே மேல்.

இப்படிக்கு,
கில்ட் தையலில் உள்ள ஒரு வாசகர்