மஞ்சள் ஹெல்மெட்டில் கனி கண்டவர்களுக்கு

அன்புள்ள அறந்தாங்கி அண்ணனுக்கும், புதுநகரத்து பாய்க்கும், வங்காளத் தம்பிக்கும், சிங்கப்பூர் டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், நம் அறையில் இருந்த மற்ற எட்டுப் பேருக்கும், அப்புறம் நான் இல்லாதபோது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து 'பாலக்காடு' எழுதுகிறேன். ரொம்பத் தாமதமான கடுதாசி இது. ஊருக்கு வந்து இறங்கியதும் எழுத நினைத்தேன். தென்னைக்குத் தண்ணீர், பையனுக்குப் பள்ளிக்கூடம் என்று நாள் ஓடிவிட்டது. திட்டாமல் படியுங்கள்.

"பாஸ்போர்ட்டில் கேரளா, வாயைத் திறந்தால் தமிழ், நீ யாருய்யா?" என்று முதல் நாளே கேட்டவர் அறந்தாங்கி அண்ணன்தான். எங்கள் பக்கத்துக்காரர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். பதில் சொல்லி மாளாது என்று சிரித்து வைத்தேன், அன்றிலிருந்து எனக்குப் பெயர் பாலக்காடு.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் சர்க்யூட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு தொடங்கியது. சைட் வேலை நின்றது, டார்மிட்டரி வாசலை அடைத்தார்கள். மே 4 வரைதான் என்றார்கள். பிறகு ஜூன் 1 வரை என்று நீட்டினார்கள். நம்மைப் போன்ற டார்மிட்டரிக்காரர்களுக்கு அந்தத் தேதியும் கணக்கில் வரவில்லை. ஆகஸ்ட்டில்தான் பெரும்பாலானவர்களுக்கு வேலைக்குப் போக வழி பிறந்தது. அதன்பிறகும் ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் தலைகாட்ட முடியவில்லை. பன்னிரண்டு பேர், ஆறு இரட்டைக் கட்டில், ஒரு ஜன்னல்.

அடைத்துச் சரியாக ஒரு வாரம், ஏப்ரல் 14 வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குச் சித்திரை ஒன்றும் விஷுவும் சேர்ந்து வரும். விடிவதற்கு முன்னால் அம்மா என் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டுபோய்க் கனி முன்னால் நிறுத்துவாள். விஷு அன்று கண் விழித்ததும் முதலில் பார்க்கவேண்டிய மங்கலப் பொருள்கள்தான் கனி. கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி, காசு. இதை முந்தின நாள் ராத்திரி ஏதோ புலம்பலாகத்தான் சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. காலை நாலரை மணிக்கு யாரோ என் கண்ணைப் பொத்தினார்கள். சிமெண்ட் வேலை செய்த கை, சொரசொரவென்று இருந்தது. கை விலகியபோது ஸ்டூல் மேல் ஒரு மஞ்சள் சேஃப்டி ஹெல்மெட் கவிழ்த்து வைத்திருந்தது. கொன்றைப்பூ அதுதானாம். பக்கத்தில் கேட்டரிங்கில் வந்த இரண்டு வாழைப்பழம், ஒரு ஆரஞ்சு, ஷேவிங் கண்ணாடி, செல்போன் திரையில் எங்கள் ஊர் மாரியம்மன். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்தார்களாம்! பாயும் வங்காளத் தம்பியும்கூட வரிசையில் நின்று கனி கண்டார்கள். வயதில் மூத்தவர் என்று அறந்தாங்கி அண்ணன் ஆளுக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைநீட்டம் கொடுத்தார். அண்ணே, அந்த மாதம் நீங்கள் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

பத்து நாளில் பாய்க்கு நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல்களை மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள், அதனால் இரண்டு கட்டிலுக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் தொழுகை. இரவுச் சாப்பாட்டுப் பொட்டலம் ஆறு மணிக்கே வந்துவிடும், நோன்பு திறக்க ஏழு தாண்டும். முதல் நாள் பாய் ஆறிப்போன சோற்றைத் தனியாகச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து ஒருவரும் ஆறு மணிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. யாரும் முடிவெடுத்துப் பேசிச் செய்ததல்ல அது. "சூடா தின்னு என்னத்தைச் சாதிக்கப் போறோம்" என்று மேல்கட்டில்காரர் சொன்னார், அவ்வளவுதான். ஒரு நாள் சோறே புளித்துப்போய் வந்தது. அன்றைக்குப் பாயின் பேரீச்சம்பழத்தைப் பன்னிரண்டு பேரும் பங்கு போட்டோம்.

பொழுதுபோக்கையும் சொல்லவேண்டும். இந்திய நேரம் மாலை 6 மணிக்குக் கேரள முதல்வர் பினராயி விஜயன் தினமும் பத்திரிகையாளர்களிடம் பேசுவார், நமக்கு எட்டரை. வீட்டு நிலவரத்துக்காக நான் பார்க்க ஆரம்பித்தேன், கடைசியில் அறையே பார்த்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் மொழிபெயர்க்கச் சொல்லி என் தொண்டையை வாங்கினீர்கள். அப்புறம் பட்டிமன்றம். கேட்டரிங்கில் பெரிய கொடுமை காலைச் சாப்பாடா, இரவுச் சாப்பாடா? தீர்ப்பு இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

மே மாதம் எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. நடுராத்திரி பஸ் வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குச் சாமியை நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கால்தான் நடுங்கியது. அண்ணன் தூரத்தில் நின்று திருநீற்றுப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார். பாய் துஆ செய்கிறேன் என்றார். வங்காளத் தம்பி ஒன்றும் சொல்லாமல் தன் போன் சார்ஜரைப் பையில் திணித்தான். என்னுடையது பழுதாகிக் கிடந்தது அவனுக்குத் தெரியும். நோயாளிகளை வைத்திருந்த எக்ஸ்போ கண்காட்சி மண்டபத்தில் தடுப்புப் பலகைக்கு நடுவில் படுத்திருந்த நாளெல்லாம் அந்த சார்ஜரால்தான் வீட்டு முகத்தைப் பார்த்தேன். அங்கே, "சாப்டீங்களா அண்ணே?" என்று தினமும் தமிழில் கேட்ட நர்ஸ் தங்கைக்கும் நன்றி. முழு உடுப்பில் கண் மட்டும்தான் தெரியும், இப்போது எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை பொள்ளாச்சியிலிருந்துதான் வரும், எல்லை அடைத்ததும் அது நின்றது. மாத்திரையை கோபாலபுரம் செக்போஸ்ட் வரை யாரோ ஒரு பால் வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுக்க, பக்கத்து வீட்டு மாமா வெயிலில் நின்று வாங்கிவந்தார். மாமா, நீங்கள் மூன்று முறை போனதை வீட்டுக்காரி போன வருஷம்தான் என்னிடம் சொன்னாள். வாரம் தவறாமல் வாசலில் நின்று விசாரித்த சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சிக்கும் நன்றி. அம்மாவின் தமிழும் உங்கள் மலையாளமும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொண்டன. சர்க்கார் கொடுத்த 17 சாமான் கிட்டை வீட்டுக்காரி வீடியோ காலில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபோது, அறையே எண்ணிக்கொண்டு நின்றது.

கடைசியாக, வங்காளத் தம்பிக்கு. இதை யாராவது உனக்குப் படித்துச் சொல்லட்டும். நான் எக்ஸ்போவிலிருந்து திரும்புவதற்குள் உன்னை வேறு டார்மிட்டரிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய நம்பருக்கு ரிங் போகவில்லை. சார்ஜர் என்னிடம்தான் இருக்கிறது, வயரில் மட்டும் கொஞ்சம் டேப் சுற்றியிருக்கிறேன். விலாசம் அனுப்பு.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கீழ்க்கட்டில் பாலக்காடு