4 கிலோ குறைந்தால் என்ன ஆகும்

அன்புள்ள கண்ணு,

13 கிலோ சைக்கிளைக் கொடுத்துவிட்டு 9 கிலோவில் கார்பன் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தினமும் வேலைக்குப் போய்வருவதற்குத்தான் என்றால் வேண்டாம் என்பேன்.

நீ மிதிப்பது சைக்கிளை மட்டுமா? உன்னுடைய 60 கிலோ, பை ஒரு 5 கிலோ, எல்லாம் சேர்த்து 78 கிலோ, அதில் 4 குறைந்தால் நூற்றுக்கு ஐந்துதான் குறைகிறது. அதுவும் மேடு ஏறும்போதுதான் தெரியும். 50 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருந்து, நீ நிதானமாக ஒரு 100 வாட் அளவுக்கு மிதித்தால், மிச்சமாவது சுமார் 20 வினாடி. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு வினாடிகூடத் தேறாது. சமதரையில் கொஞ்சம் வேகமாகப் போனாலே உன்னைப் பிடித்து இழுப்பது காற்றுதான், அது சைக்கிளின் எடையைப் பார்ப்பதில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார் இங்கிலாந்தில் ஒரு டாக்டர். 13.5 கிலோ ஸ்டீல் சைக்கிள், 9.5 கிலோ கார்பன் சைக்கிள், இரண்டும் அவரிடம் இருந்தன, காலையில் காசைச் சுண்டிவிட்டு எது விழுகிறதோ அதில் வேலைக்குப் போவாராம், போகவர 43 கிலோமீட்டர். 56 நாள் கணக்கு வைத்து 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். இரண்டிலும் சராசரி ஏறக்குறைய 1 மணி 48 நிமிடம்! ஒரே ஆள், ஒரே வழி என்றாலும் எனக்கு அது போதுமான சாட்சி.

இன்னொன்று, எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்றுகிறார்கள் என்று பார். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு. மழையில் முதுகெல்லாம் சேறோடு, பையைத் தோளில் சுமந்துகொண்டு நீ போவதை நினைத்தாலே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு போடு, வாரம் ஒருமுறை காற்றுப் பார், செயினுக்கு எண்ணெய் விடு, சீட்டை உன் உயரத்துக்குச் சரியாக ஏற்றிவை. போன தடவை பார்த்தபோது மிகவும் தாழ்வாக இருந்தது, முழங்கால் வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சைக்கிளை ராத்திரி எங்கே வைக்கிறாய்? தினமும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்றால் நான் சொன்னதை விடு, அங்கே 4 கிலோ நிஜமாகவே 4 கிலோதான், தோளும் இடுப்பும் உன்னுடையது. அப்படியென்றால் லேசானதையே வாங்கு, மட்கார்டு மாட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. எத்தனை மாடி என்று எழுது.

அப்பா