பேக்கப் டேப்பின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழிற்சாலைகள் கணினித் தகவலைப் பாதுகாப்பது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் பேக்கப் எடுங்கள், ஒரு பிரதியை டேப்பில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். டேப்பில் எந்த அமைப்பில் எழுதுவது என்பதைத் தொடவே இல்லை. நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் 22 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணினி நான் படித்த படிப்பு இல்லை. ஆனால் சீசனில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும்போது எடைச்சீட்டு, ஆய்வக அறிக்கை, கன்டெய்னர் பில் எல்லாம் ஒரே சர்வரில்தான் விழும். இரவில் அதை டேப்பில் ஏற்றும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விடிந்தது.

2022ல், 2015-16 கணக்கில் ஒரு ஏற்றுமதிப் பில்லுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தோம், பீரோவில், எல்டிஓ-5 டேப்பில். எல்டிஓ என்பது பேக்கப்புக்கான காந்த டேப் வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை; டேப்பை எழுதவும் படிக்கவும் டிரைவ் என்ற கருவி வேண்டும். ஆனால் பழைய டிரைவ் கெட்டுப்போய் 2020லேயே எல்டிஓ-8 டிரைவ் வாங்கிவிட்டோம். பழைய டேப்பும் ஓடும் என்று விற்றவர் சொன்னார். ஓடவில்லை. எல்டிஓ-7 வரைக்கும் டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகனிடம் சொன்னேன். அங்கே எல்டிஓ-6 டிரைவ் இருந்தது, அது எல்டிஓ-5ஐப் படிக்கும். அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை என்னை வரச் சொன்னான். டேப்பைப் போட்டதும் திரையில் வந்த செய்தி, மெமரி ஒதுக்க முடியவில்லை என்று. இன்னொரு கணினியிலிருந்து ரேமைக் கழற்றி இதில் மாட்டினான். அதே செய்தி. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இதே கதைதான்.

சாப்பிட்டு வந்தவன், "அத்தை, ரேம்ல கோளாறு இல்ல. நீங்க எழுதுன கட்டு பெருசு, நான் நீட்டுற பாத்திரம் சின்னது" என்றான். டிடி என்ற சின்னக் கட்டளைக்கு 1 எம்பி அளவு கொடுத்து, டேப்பிலிருந்து ஒரே ஒரு பிளாக்கை, அதாவது ஒரே தடவையில் எழுதிய ஒரு கட்டை, மட்டும் எடுத்தான். 262144 பைட் என்று காட்டியது, அதாவது 256 கேபி. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டி டேப்பில் எழுதவும் திரும்ப எடுக்கவும் உதவும் டார் நிரல், பிளாக் அளவு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 10240 பைட்தான். எங்கள் ஆலைக் கணக்கில் சொன்னால், 200 லிட்டர் டிரம்மை ஒரே சரிப்பில் 8 லிட்டர் வாளியில் பிடிக்கப் பார்த்தது போல. ஒரு பிளாக்கில் எத்தனை 512 பைட் துண்டு என்று டாருக்குச் சொல்லும் பிளாக்கிங் எண்ணை 512 என்று மாற்றினான் (512 முறை 512 பைட், கணக்கு சரியாக வருகிறது). எடைச்சீட்டு ஃபைல்களின் பெயர்கள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவன் சிரித்தான்.

256 கேபி என்று வைத்தது தப்பில்லை. பிளாக் பெரிதாக இருந்தால் டிரைவ் தடங்கல் இல்லாமல் ஓடும். தகவல் மெதுவாக வந்தால் அது நின்று, கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடி ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும். அளவை எங்கேயும் எழுதி வைக்காததுதான் தப்பு. எழுதிய ஆள் வேலையை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது தகவலைச் சுருக்கி எழுதுவது. எல்டிஓ-8 அட்டையில் 30 டெராபைட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையில் கொள்வது 12. தகவல் இரண்டரைக்கு ஒன்றாகச் சுருங்கினால்தான் அந்த 30. எங்கள் ஸ்கேன் படங்கள் ஏற்கனவே சுருக்கியவை, அதற்கு மேல் சுருங்காது. டேப் வாங்கும்போது 12க்குத்தான் கணக்குப் போடுகிறேன்.

இன்னொரு ஆசையும் காட்டுவார்கள். விலை குறைந்த புது எல்டிஓ-7 டேப்பை எல்டிஓ-8 டிரைவில் வேறு வகையாக ஃபார்மேட் செய்தால் 6 டெராபைட்டுக்குப் பதில் 9 கிடைக்கும். நிஜம்தான். ஆனால் அதற்கப்புறம் அந்த டேப்பை எல்டிஓ-7 டிரைவும் படிக்காது, எல்டிஓ-9 டிரைவும் படிக்காது. ஒரே தலைமுறை டிரைவை நம்பி எட்டு வருடக் கணக்கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எல்டிஓ-5 முதல் எல்டிஎஃப்எஸ் என்ற முறையும் இருக்கிறது. டேப் பென்டிரைவ் மாதிரி ஃபோல்டராகத் திறக்கும். ஸ்கேன் படங்களை அதில்தான் போடுகிறேன். என் இடத்துக்கு நாளை யார் வந்தாலும் திறந்து பார்க்கலாம். ஆனால் அழித்தால் இடம் திரும்பக் கிடைக்காது. குட்டிக் குட்டி ஃபைல் ஆயிரக்கணக்கில் போட்டால் எடுக்கும்போது பொறுமை போய்விடும். அதனால் தினக் கணக்கை ஒரே டார் கட்டாகக் கட்டிவிடுகிறோம். 2022 ஆகஸ்ட் முதல் கம்பெனிகள் கணக்குப் புத்தக பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று விதி. அதைத் தனியாகச் செய்கிறோம். டேப் அதற்கு மேல் ஒரு காப்பு. பீரோவில் கிடக்கும் டேப்பை எந்த வைரஸும் தேடி வராது.

என்க்ரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது, போடுவதா என்று முதலாளி கேட்டார். போடலாம், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு டேப் மேலும் தேதி, எந்த எல்டிஓ, டாரா எல்டிஎஃப்எஸ்ஸா, பிளாக் அளவு, கம்ப்ரஷன் உண்டா இல்லையா என்று எழுதி ஒட்டுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு டேப்பை வெளியே கொண்டுபோய் வேறு டிரைவில் திறந்து பார்க்கிறோம். வருகிற சனிக்கிழமை ஓசூருக்கு 2014 டேப் ஒன்றை எடுத்துப் போகிறேன். அதன் லேபிளில் பழைய ஆள் எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு வார்த்தை: "முக்கியம்".

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.