பிப்ரவரி வெயிலை நம்பாதே

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவளுக்குப் பரீட்சை நடக்கிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இப்போது நான் சொல்வதை முதலில் கேள்.

"குளிர்காலம் செத்தது" என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாய். அதோடு விட்டிருந்தால் உன் வழக்கமான ஆர்ப்பாட்டம் என்று சிரித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாமனார் தோட்டத்துக்குப் போய், ஆப்ரிகாட் மரங்களின் அடிமரத்தில் சுற்றிய வெள்ளைத் துணியை அவிழ்த்து, கவாத்து செய்து, உரமும் வைக்கப்போவதாக அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவிழ்க்காதே மூர்த்தி. உரம் வைக்காதே. மாமனாரிடமும் சொல்லிவிடு.

நீ எதைப் பார்த்து மயங்கினாய் என்று தெரியும். இங்கேயும் அதேதான். காலையில் உறைபனி, மதியம் 14, 15 டிகிரி, சட்டையைக் கழற்றிப் போடலாம் போல வெயில். வாசல் ஓரம் கொட்டிக் கிடந்த பனிமேடு நாளுக்கு நாள் வற்றுகிறது. அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேலே விழுந்த ஒவ்வொரு காய்ந்த இலையும் தன் வடிவத்திலேயே ஒரு குழி தோண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. சுற்றியுள்ள வெள்ளைப் பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. புதுப் பனி என்றால் 80 முதல் 90 சதவீதம் வரை. கரும்பழுப்பு இலை அதை வாங்கி வைத்துக்கொண்டு தனக்குக் கீழே இருப்பதை உருக்குகிறது. ஒரு இலையைக் கவனமாக எடுத்தேன். காம்பு இருந்த இடத்தில்கூடக் கோடு விழுந்திருந்தது. மரத்தடிகளைச் சுற்றியும் இப்படித்தான் வட்டவட்டமாகப் பனி விலகியிருக்கிறது. உன் மரங்களின் துணியை அவிழ்க்காதே என்பதற்கும் இதுவே காரணம். பகலில் சாய்வாக வரும் வெயில் கறுத்த பட்டையைச் சூடாக்கும். உள்ளே உறங்கும் திசு விழித்துவிடும். சூரியன் இறங்கியதும் அதே இடம் மறுபடி உறையும், பட்டை வெடிக்கும். நடுக்குளிரைவிட இந்த நாட்களில்தான் அது அதிகம். துணி வெள்ளையாக இருப்பது வெயிலைத் திருப்பத்தானே!

"சூரியன் ஏறிவிட்டது" என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. பிப்ரவரி 20ஆம் தேதிச் சூரியனும் அக்டோபர் 22ஆம் தேதிச் சூரியனும் உச்சியில் ஒரே உயரம்தான். ஆனால் அக்டோபரில் நாம் அரைக்கைச் சட்டையோடு சுற்றினோம், இப்போது கையுறை போட்டிருக்கிறோம். ஏன்? அக்டோபரில் கடலும் மண்ணும் கோடை முழுக்கச் சேர்த்த சூட்டோடு இருந்தன. இப்போது இரண்டும் ஓட்டாண்டி. கடல் தன் அடிமட்டக் குளிரைத் தொடுவதே பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். கிடக்கும் பனி வேறு கணக்கில் சேர்த்தி இல்லாத செலவு. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பத்தைக் கொண்டு அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். வருகிற வெயிலில் பெரும்பங்கைப் பனியே தின்றுவிடுகிறது, காற்றுக்கு மிஞ்சுவது சொற்பம். பொழுது நீளுவதும் சம இரவு நாளை ஒட்டித்தான் வேகமெடுக்கும். 50 டிகிரி அட்சரேகையில் அப்போது தினம் சுமார் 4 நிமிடம் கூடும். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. நான் பேனாவை எடுத்த காரணம் மேலே நடப்பது.

வட துருவத்தைச் சுற்றி மேல்வானில் குளிர்காலம் முழுக்கச் சுழலும் மேற்குக் காற்று வளையம், அந்தத் துருவச் சுழல், உடைந்துவிட்டது. கீழே இந்த வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, முப்பது கிலோமீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கலாகக் குறைந்திருக்கும் மட்டத்தில், 60 டிகிரி அட்சரேகையில் மேற்குக் காற்று செத்து, கிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்திருக்கிறது. ராத்திரி முழுக்க அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு. குளிர்காலம் முழுக்க வேகமாகச் சுற்றுவதால்தான் பம்பரம் போல நிமிர்ந்து நின்றது அந்தச் சுழல். இப்போது தலை சாய்ந்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கீழிருந்து, மலைத்தொடர்களும் நிலம்-கடல் வேற்றுமையும் எழுப்பும் பெரிய அலைகள் மேலேறி அங்கே உடைந்து, காற்றுக்கு பிரேக் போட்டுவிட்டன. காற்று தளர்ந்ததும் துருவத்தின் மேலுள்ள காற்று கீழே அமிழ்கிறது, அமிழும்போது நெருக்குண்டு சூடாகிறது. சில நாட்களிலேயே 40, 50 டிகிரி ஏறிவிடும். 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூனில் அனுப்பிய கருவிகளில் இதை முதன்முதலாகப் பார்த்தார். துருவத்து நீண்ட இரவில், சூரியனே எட்டிப் பார்க்காத இடத்தில், இவ்வளவு சூடு! அந்த எண்களைப் பார்த்த அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அங்கே சூடானால் நமக்குக் குளிர். அதுதான் இதன் விசித்திரம். மேலே நடந்தது ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லக் கீழே இறங்கும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாகப் பாயும் ஜெட் காற்றோட்டம் தெற்கே வளைந்து தொங்கும். வடக்கே உயரழுத்தம் குந்திக்கொண்டு வழியை மறிக்கும். அதன் ஓரமாகக் குளிர்காற்று வழிந்து வரும். 2018 ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரி 12 வாக்கில் சுழல் பிளந்தது. மாதக் கடைசியில் ரோமாபுரி வீதிகளில் பனி. வானிலைக் கணக்கில் வசந்தத்தின் முதல் நாளான மார்ச் 1 அன்று பிரிட்டன் பனிக்குள் புதைந்து கிடந்தது. அந்த வாரம் முழுக்க நாம் மூவரும் தூங்கவே இல்லையே. நம் சிநேகிதன் பனிக்கரடி, கணினிக் கணிப்பு புதிதாக வரும் ஒவ்வொரு மாடல் ரன்னுக்கும் போன் போட்டான்!

உடனே நீ 2019ஐத் தூக்கிக்கொண்டு வருவாய். சரிதான். அந்த ஜனவரித் தொடக்கத்திலும் சுழல் உடைந்தது. ஆனால் பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி. குளிர்கால மாதம் ஒன்றில் பிரிட்டன் அதுவரை கண்டிராத வெப்பம். சுழல் உடைந்தால் எல்லா ஊரிலும் பனி என்று எவனும் எழுதிக் கொடுக்க முடியாது. குளிர்காற்று எந்தப் பக்கம் வழியும் என்பதை உயரழுத்தம் எங்கே குந்துகிறது என்பதுதான் தீர்மானிக்கும். பகடையில் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டது என்று மட்டும்தான் நான் சொல்கிறேன். கனம் கூடிய பகடையை வைத்துக்கொண்டு மாமனாரின் வருஷ வருமானத்தைப் பணயம் வைக்கலாமா?

உன் போனில் அடுத்த பதினான்கு நாளும் மஞ்சள் சூரியனைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் படங்கள் மீது எனக்கு இருக்கும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பத்தாவது நாளுக்கு ஒரே ஒரு சூரியனைப் போட்டுவிட்டால் அது நிச்சயம் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். தொடக்க எண்களைச் சற்று மாற்றி மாற்றி ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுகிறார்களே, அந்த என்சம்பிளைத் திறந்து பார். அத்தனை கோடுகளும் ஐந்தாம் நாள்வரை ஒட்டிக்கொண்டு போகும், அதற்கப்புறம் விரிந்துகொண்டே போகும். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்து (850 ஹெக்டோபாஸ்கல்) வெப்பநிலையில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே 15 டிகிரி இடைவெளி இருக்கும் நாளுக்கு அந்தச் செயலி துணிந்து சூரியன் போடுகிறது. இதைப் பார்த்து விவசாயி உரம் வைப்பானா மாட்டானா?

வெறும் குளிரைக் கண்டு நான் பயப்படவில்லை. நன்றாக உறங்கும் ஆப்பிள் மொட்டு மைனஸ் 20க்குக் கீழே போனாலும் தாங்கும். பயமெல்லாம் வரிசை மாறுவதில்தான், வெயில் முதலில் வந்து குளிர் பிறகு வருவதில். மரத்துக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. குளிர் மணிநேரங்களை எண்ணிக்கொண்டே உறங்கும். வேண்டிய அளவு நிறைந்தபின் சூடு பட்டால் போதும், கிளம்பிவிடும். ஜனவரியில் இதே வெயில் அடித்தால் அசையாத மரம் இப்போது அசைவது அதனால்தான். நேற்று வேலியோரத்து ஆப்ரிகாட்டின் ஒரு கொப்பை வளைத்துப் பார்த்தேன். மொட்டின் பழுப்புச் செதில்கள் இடைவிட்டு, நடுவில் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிகிறது. விரலால் நெருடினால் பிசுபிசுக்கிறது. கிளம்பிவிட்டது மூர்த்தி. கிளம்பிய மரத்தைத் திரும்பப் படுக்க வைக்க முடியாது. ஒவ்வொரு படி விரியும்போதும் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். முழுசாகப் பூத்த ஆப்பிள் பூவுக்கு அரைமணி நேரம் மைனஸ் 2.2 என்றால் பத்தில் ஒரு பங்கு போகும். மைனஸ் 3.9 என்றால் பத்தில் ஒன்பது போகும். நடுவே இருப்பது ஒன்றே முக்கால் டிகிரி! இந்த நிலையில் உரமும் கவாத்தும் துளிர்ப்பை இன்னும் தூண்டிவிடும்.

அமெரிக்காவில் 2007இல் மார்ச் முழுக்கச் சூடு, ஏப்ரல் முதல் வாரத்தில் ஈஸ்டர் சமயம் உறைபனி, தென்கிழக்கு மாநிலங்களில் பழமரம் கருகியது. 2012இல் மார்ச்சிலேயே கோடை வந்ததாக எல்லாரும் கொண்டாடினார்கள். ஏப்ரல் உறைபனிகளில் மிச்சிகனின் புளிப்புச் செர்ரி ஏறக்குறைய 90 சதவீதம் போயிற்று. பிரான்சில் 2021 மார்ச் கடைசியில் பல இடங்களில் 25 டிகிரியைத் தாண்டியது, ஒரு வாரம் கழித்துத் திராட்சைத் தோட்டங்களில் வரிசை வரிசையாகத் தீச்சட்டி ஏற்றிவைத்து விடிய விடிய நின்றார்கள். மூன்று தடவையும் குளிர் மட்டும் காரணமல்ல. பூ முன்னாடி வந்துவிட்டது. உலகம் சூடாகிறதே, இனி உறைபனித் தொல்லை இருக்காது என்று பனிக்கரடி வாதாடுவானே, அவனுக்கும் இதைக் காட்டு. கடைசி உறைபனி பின்வாங்குவதைவிட முதல் பூ வேகமாக முன்னேறும் இடங்களில் ஆபத்து கூடத்தான் செய்யும். கியோட்டோவின் செர்ரிப் பூப் பதிவுகள் 812ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. அவ்வளவு நீளத்தில் 2021 மார்ச் 26தான் அதுவரை மிக முந்திய முழுமலர்ச்சி என்று வந்தது.

நம் தோட்டத்தில் உறைபனி அடித்த அந்த வருஷம் மாமனார் மேற்கு வரிசையில் நின்ற கோலத்தை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஒரு பூவைக் கிள்ளி நடுவே பிளந்து காட்டினார், சூல் கறுத்திருந்தது. அடுத்ததையும் கிள்ளினார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனுஷனை இன்னொரு முறை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சும்மா சார்ட் பார்க்கிற பித்து என்று உன் தங்கை நம்மைக் கேலி செய்வாளே, இந்த ஒரு தடவையாவது அந்தப் பித்து யாருக்காவது உதவட்டும்.

அதனால் இதைச் செய். நிழற்கூண்டில் இருக்கும் வெப்பமானியை மட்டும் நம்பாதே. அது ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. காற்று அசையாத, மேகமில்லாத இரவில் அங்கே 3 டிகிரி என்றால் புல்நுனியில் உறைபனி இருக்கும். இன்னொன்றைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், குளிர்காற்று வந்து தேங்கும் அந்தக் கிணற்றுப் பக்கம், புல்லை ஒட்டிக் கிடத்து. சாயங்காலம் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, என்ன என்று பார். ஈரம் குறைந்து அது மைனஸில் இருந்தால் அந்த இரவு தூங்காதே. பூ விரிந்தபின் அப்படி இரவு வந்தால் தெளிப்பான் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது, உருக்க ஆகும் அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும், பூ பூஜ்யத்திலேயே தாக்குப்பிடிக்கும். ஆனால் தொடங்கினால் விடிந்து பனி தானாக உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இன்னும் கீழே இழுத்துவிடும். மோட்டாரை இப்போதே ஓட்டிப் பார்த்து வை. போன முறை அது மக்கர் செய்தது.

பனிக்கரடிக்கு நீயே ஒரு வரி போடு. என்மேல் அவனுக்குக் கோபம். பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டோம், ரொம்ப சந்தோஷம், தனியாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால் துணியை அவிழ்க்காமல், கிணற்றுப் பக்கம் வெப்பமானியை மட்டும் வைத்துவிட்டு வா. திங்கள் காலை குறைந்தபட்சம் எவ்வளவு என்று எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரகு

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மாலை ரன் வந்துவிட்டது. உயரழுத்தம் காலையில் இருந்ததைவிட மேற்கே தள்ளிக் குந்துகிறது. அப்படியே நின்றால் குளிர்காற்று நேராக உங்கள் பக்கம்தான் வரும். நாளைக் காலை ரன்னையும் பார்த்துவிட்டு போன் செய்கிறேன், எடு.