ஏ, பி நெகட்டிவ்களை உள்ளேயே ஒன்றாகக் கட்டிய வால்வு ரேடியோ பேட்டரி பேக்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
வால்வு ரேடியோ பேட்டரி பிரிவு.

பொருள்: 90 வோல்ட் – 1.5 வோல்ட் கூட்டுப் பேட்டரி பேக்கின் வடிவமைப்புக் குறை. பணத்தைத் திருப்பித் தருவதும் விற்பனைக் குறிப்பைத் திருத்துவதும் குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வால்வு போர்ட்டபிள் ரேடியோக்களுக்கென்று நீங்கள் விற்கும் கூட்டுப் பேட்டரி பேக்கை வாங்கினோம். அதில் ஏ பக்கம் வால்வுகளின் பிலமென்ட்டை (உள்ளே சூடாகும் இழையை) ஓட்டும் 1.5 வோல்ட், பி பக்கம் வால்வுகள் வேலை செய்ய வேண்டிய 90 வோல்ட். ‘பழைய உலர் பேட்டரிக்கு நேர் மாற்று’, ‘1.4 வோல்ட் வால்வு செட்டுகள் அனைத்துக்கும் பொருந்தும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. கைக்கு வந்த பேக் மட்டும் பழுது என்றால் மாற்றித் தரச் சொல்லியிருப்போம். அதே மாடலில் வேறொன்றை அனுப்பினாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் தவறு வடிவமைப்பில் இருக்கிறது.

பேக்கை மாட்டியது நான்கு வால்வு சூப்பர்ஹெட் செட்டில்: 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4. முதல் மூன்று வால்வுகளின் பிலமென்ட் ஆளுக்கு 50 மில்லி ஆம்பியர், 3எஸ்4 மட்டும் 100. ஆக ஏ பக்கம் 250. பி பக்கம் 90 வோல்டில் சுமார் 10 மில்லி ஆம்பியர். இந்த வரிசையில் வந்த செட்டுகள் ஏராளம். ஆகவே இது ஏதோ அபூர்வமான செட் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த செட்டில் பயாஸ் கொடுக்கும் சி பேட்டரி தனியாகக் கிடையாது. பயாஸ் என்பது வால்வு இழுக்கும் கரண்டை அளவோடு வைக்க அதன் கிரிட் முனைக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ். ஸ்பீக்கரை ஓட்டும் 3எஸ்4-இன் கிரிட்டுக்கு வேண்டிய மைனஸ் 7 வோல்ட் அளவு பயாஸை செட்டே உண்டாக்கிக்கொள்கிறது. ஏ நெகட்டிவ் சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) இருக்கும். பி நெகட்டிவ் நேராகச் சேசிஸுக்கு வராது. நடுவில் 680 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. செட் இழுக்கும் பி கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பவேண்டும். 10 மில்லி ஆம்பியருக்கு 6.8 வோல்ட் அதன் குறுக்கே விழும். சேசிஸைவிட அவ்வளவு நெகட்டிவாக இருக்கும் அந்த முனையிலிருந்துதான் கிரிட்டுக்கு பயாஸ் போகிறது. இந்த ஏற்பாடு முழுக்க ஒரே நிபந்தனையில் நிற்கிறது: பேட்டரிக்குள் ஏ நெகட்டிவும் பி நெகட்டிவும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பழைய கூட்டுப் பேட்டரிகளில் தொட்டதில்லை. 1.5 வோல்ட் செல்களை அறுபது வரிசையாகக் கோத்த பி பகுதி தனி, பெரிய செல்களைப் பக்கவாட்டில் இணைத்த ஏ பகுதி தனி, நான்கு முனைகளும் தனித்தனி.

உங்கள் பேக்கில் அந்த இரண்டு நெகட்டிவும் ஒன்று. பேக்கைத் திறக்கவே வேண்டாம்: செட்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு நெகட்டிவ் முனைகளுக்கு நடுவே பாருங்கள், பூஜ்யம் காட்டும். செட்டில் மாட்டியதும் அந்தப் பூஜ்யம் 680 ஓம் ரெசிஸ்டரை அப்படியே ஷார்ட் செய்துவிடுகிறது. அதன் குறுக்கே எங்கள் மீட்டர் காட்டியது 0 வோல்ட். பயாஸ் இல்லாத 3எஸ்4 வரைமுறையின்றி கரண்ட் இழுக்க, மொத்த பி கரண்ட் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டியது. முதலில் காதுக்குத் தெரிவது கரகரப்பான, உடைந்த ஒலி. அதை யாரும் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து விட்டுவிடலாம். அப்படி விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முடிமெல்லிய பிரைமரி சுற்று போகும், கூடவே வால்வின் ஆயுளும் தேயும். இரண்டும் இன்று எளிதில் கிடைக்கிற பொருள்கள் அல்ல.

காரணத்தை ஊகிப்பதும் கடினமில்லை. உள்ளே இருப்பது உலர் செல் அல்ல. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல், அதிலிருந்து 1.5 வோல்டுக்கு இறக்கும் ஒரு கன்வெர்ட்டர், 90-க்கு ஏற்றும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர். டிரான்ஸ்பார்மர் இல்லாத சாதாரண பூஸ்ட் சர்க்யூட்டில் உள்ளீட்டு நெகட்டிவும் வெளியீட்டு நெகட்டிவும் ஒரே கம்பிதான். தனி சி பேட்டரி வைத்த செட்டில் இதனால் தொல்லை வராது, அங்கே இரு நெகட்டிவும் சேசிஸில் எப்படியும் சேர்ந்துதான் இருக்கும். அப்படி ஒரு செட்டில் மட்டும் சோதித்துவிட்டு ‘அனைத்துக்கும்’ என்று அச்சடித்தீர்களோ என்னவோ.

அடுத்தது இரைச்சல். பூஸ்ட் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதாக ஆஸிலோஸ்கோப் காட்டுகிறது. இதைவிட மோசமான எண்ணைத் தேடிப் பிடிக்க முடியாது. கன்வெர்ட்டரின் இரைச்சல் அந்த எண்ணின் மடங்குகளிலும் வரும். மூன்றாம் மடங்கு 450, செட்டின் ஐ.எஃப். (வரும் சிக்னலை செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடை அதிர்வெண்) 455. லோடும் வெப்பமும் மாற மாற அது ஐ.எஃப். பட்டைக்குள் நுழைந்துவிடுகிறது, டயலை எங்கே திருப்பினாலும் ஒரே இரைச்சல். அதற்கு மேல் 600, 750, 900, 1050 என்று மீடியம் வேவ் நெடுக விசில். ஃபிரேம் ஏரியல் (சட்டத்தில் சுற்றிய கம்பி ஏரியல்) கேபினெட்டுக்குள்ளேயே, பேட்டரி அறைக்குச் சில அங்குலம் தள்ளி இருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் கவசம் ஏதுமில்லாமல் கன்வெர்ட்டரை வைத்தால் வேறென்ன கேட்கும்?

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஏ பக்கத்து வோல்டேஜ் நன்றாக இருக்கிறது: 250 மில்லி ஆம்பியர் லோடில் அசையாமல் 1.5. இந்த பிலமென்ட்டுகளுக்கு அதுவே அளவு. 1.6-க்கு மேல் போகக்கூடாது, 1.1 அளவுக்கு இறங்கினால் 1ஆர்5-இன் ஆஸிலேட்டர் நின்றுவிடும், ஷார்ட் வேவில் அதற்கும் முன்பே. ஆனால் ஏ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் இரண்டுக்கும் ஒரே சிவப்பு வயரை, ஒரே அளவு முனையோடு கொடுத்திருக்கிறீர்கள். கை மாறி 90 வோல்ட் பிலமென்ட் பக்கம் போனால் நான்கு வால்வும் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். பழைய பிளக்குகளில் ஏ முனையும் பி முனையும் வெவ்வேறு பருமனில் இருந்தது இதற்காகத்தான்.

உங்கள் சேவைப் பிரிவிலிருந்து இரண்டு பதில் வந்தது. செட்டின் பழைய எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்கள் கசிகின்றன என்பது ஒன்று. அவை முன்பே மாற்றப்பட்டவை. மேலும் 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி பத்தை வரிசையாக இணைத்து பி-க்கும், இரண்டு டி அளவு செல்களைப் பக்கவாட்டில் இணைத்து ஏ-க்கும் கொடுத்தபோது அதே செட்டில் பயாஸ் 6.8 வோல்டுக்கு வந்தது, கரண்ட் 10-க்கு இறங்கியது, இரைச்சல் அறவே இல்லை. பி பாசிட்டிவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள் என்பது இரண்டாவது. அதனால் வோல்டேஜ் குறையுமே தவிர பயாஸ் வராது. எல்லா நிலைகளும் அந்த ஒரே ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் எடுப்பதால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குள் புகுந்து, படகு மோட்டார் போலப் ‘படபட’ என்று அடிக்கத் தொடங்கும். தேய்ந்துபோன பி பேட்டரியில் கேட்கிற அதே சத்தம்.

நாங்கள் கேட்பது: செலுத்திய தொகையை முழுவதுமாகத் திருப்பித் தரவேண்டும், பேக்கை எடுத்துச்செல்லும் செலவும் உங்களுடையது. ‘அனைத்துக்கும் பொருந்தும்’ என்ற வரியை உடனே எடுத்துவிட்டு, ‘பி நெகட்டிவில் பயாஸ் ரெசிஸ்டர் உள்ள செட்டுகளில் பயன்படுத்தக்கூடாது’ என்று அச்சிடவேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். அவர்களில் பலருக்கு மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்காது.

தொடர்ந்து தயாரிக்கும் எண்ணம் இருந்தால் பி பக்கத்துக்குத் தனிச் சுற்றுள்ள டிரான்ஸ்பார்மர் கன்வெர்ட்டர் போட்டு நான்கு முனைகளையும் பிரியுங்கள். மூன்றாம் மடங்கும் மற்ற மடங்குகளும் 455-ஐ விட்டு விலகும்படி அதிர்வெண்ணைத் தேர்ந்து, தகரக் கவசத்துக்குள் வைத்து, வெளியேறும் ஒவ்வொரு வயரிலும் சோக்கும் கன்டென்சரும் சேருங்கள். அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் 9 வோல்ட் பேட்டரி பத்தும் டி செல் இரண்டும் பிடிக்கிற காலிப் பெட்டியை, சரியான பிளக்கோடு விற்றாலே போதும். 10 மில்லி ஆம்பியரில் ஏறக்குறைய 50 மணி நேரம் ஓடும். தீரும்போதும் ஒலி மெல்ல மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும், உங்கள் பேக் போலப் பாட்டின் நடுவே பட்டென்று அணையாது.

பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
வால்வு ரேடியோ பழுதுபார்க்கும் வாடிக்கையாளர்கள்

இணைப்பு: ரசீது நகல், பயாஸ் ரெசிஸ்டர் குறுக்கே இரு பேட்டரிகளுடனும் எடுத்த அளவுகள், ஆஸிலோஸ்கோப் படம்.