மாணவரிடம் பேசவும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு கலைக் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். கட்டுரையில் விடுபட்ட ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

பயிற்சிக்கு எங்களுக்குக் குறைவில்லை. 1986 கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய பயிற்சி மையங்கள், பெயர்கள் மாறி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக நடக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஓரியண்டேஷன் என்ற அறிமுகப் பயிற்சிக்குப் போனபோது நான்கு வாரம் விடுதியில் தங்கினோம். பல ஊர்க்காரர்கள், பல துறைக்காரர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பேசியதில் கற்றதுதான் இன்றும் வகுப்பில் கைகொடுக்கிறது. இப்போது பெரும்பாலும் இணையவழிதான். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், சரி. ஆனால் வீட்டில் சமையலுக்கு நடுவே கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பதில் அந்தப் பேச்சு கிடைக்காது.

அதைவிடப் பெரிய குறை, மென்டார் வேலை, அதாவது மாணவர்களின் படிப்பையும் பிரச்சினைகளையும் கவனித்து வழிகாட்டும் பொறுப்பு. ஒவ்வோர் ஆசிரியர் பொறுப்பிலும் இருபது, முப்பது மாணவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது அந்த விகிதத்தைக் கேட்கிறது. நாங்களும் பதிவேட்டைக் காட்டுகிறோம். மாணவரை எதிரில் உட்கார வைத்து எப்படிப் பேசுவது என்று இத்தனை ஆண்டில் ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் இருந்த முதலாண்டு மாணவன் அடிக்கடி வகுப்புக்கு வரமாட்டான். பதிவேட்டில் மூன்று முறை ‘வருகை குறைவு, அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டாம் பருவத்தில் ஐந்து அரியர். டி.சி. கேட்டு வந்து நின்றபோதுதான், இரவில் கேட்டரிங் வேலைக்குப் போய் விடிகாலையில் வீடு திரும்புகிறான் என்று தெரிந்தது. மூன்று முறையும் நான் கேட்டது ‘ஏன் வரலை?’ என்று மட்டும்தான். அதட்டலாகக் கேட்டால் எந்தப் பையனும் வாய் திறக்கமாட்டான். உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, அரியரை எந்த வரிசையில் எழுதுவது என்று அன்று உட்கார்ந்து பேசினோம். அவன் படிப்பை முடித்துவிட்டான். ஆனால் அதற்கு முன் டி.சி. வாங்கிப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு இப்படி வழிகாட்டுவதற்கென்றே தனிப் பணியாளர்கள் உண்டு. 1979 முதல் நகாடா (NACADA) என்ற அமைப்பு அவர்களுக்குப் பயிற்சியும் மாநாடும் நடத்துகிறது. நமக்கு உடனே தனிப் பணியிடம் வேண்டும் என்று கேட்கவில்லை. புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இரண்டு நாளை நேரடியாக இதற்கு ஒதுக்கலாம். மனநல ஆலோசகர் ஒருவர், உதவித்தொகைப் பிரிவு ஊழியர் ஒருவர், அப்புறம் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வந்த மாணவர் ஒருவர், இந்த மூவரும் வந்து பேசினால் போதும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கற்பித்தல் என்று மானியக் குழுவின் 2018 விதிமுறை சொல்கிறது. மென்டார் வேலைக்கு அதில் ஒரு மணியாவது கணக்கில் வர வேண்டும்.

தற்காலிகமாக வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சம்பளப் பிடித்தம் இல்லாமல் இந்தப் பயிற்சியில் இடம் வேண்டும். எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்கள் பாதிப் பேருக்கு அவர்கள்தான் மென்டார்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்